தெருவைத் தாண்டினால் வெளிமாநிலம்

முதலில் கீழே விழுந்தது தட்டா, தண்ணீர் டம்ளரா என்பதில் இப்போது கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. வருஷங்கள் ஆகிவிட்டன. டம்ளர்தான் என்று மாமா அடித்துச் சொல்வார். ஆனால் மாமா எதையும் அடித்துச் சொல்கிறவர், அவரை நம்பி ஒன்றும் எழுதுவதற்கில்லை. ஏதோ ஒன்று விழுந்தது, உருண்டது, அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை. இவ்வளவு நிச்சயம்.

மேசைமேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது. கல்லூரியிலிருந்து திரும்பி வந்த விண்ணப்பம். மகளின் மதிப்பெண் பட்டியல், பள்ளிச் சான்று, புகைப்படம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. முதல் பக்கத்தின் குறுக்கே மட்டும் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் கூடியிருந்தது: வெளிமாநிலம்.

"யாரும்மா வெளிமாநிலம்?" என்றாள் மகள்.

"நீதான் போலிருக்கு."

"அப்போ நீ?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மாடி அறையின் ஜன்னல் அது. கீழே தெரு. தெருவைத் தாண்டினால் கல்லூரியின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கல்லூரி. அங்கே வகுப்பு முடிந்து மணி அடித்தால் இந்த வீட்டில் சோற்றுப் பானையை இறக்குவது வழக்கம். பன்னிரண்டு வருஷமாக அந்த மணிதான் இந்த வீட்டுக்கும் கடிகாரம்.

வீட்டுக்குக் கீழேயே அம்மாவின் கடை. 'நகல் எடுக்கப்படும்' என்று பலகை இருந்தாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. ஜெராக்ஸ் கடை, ஜெராக்ஸ் அக்கா. அவளுடைய சொந்த அண்ணன்கூடப் போனில் 'ஜெராக்ஸ்' என்றுதான் பெயர் போட்டு வைத்திருக்கிறார். கல்லூரிக்குள் போகிற காகிதம் எதுவாக இருந்தாலும் அக்காவின் கண்ணாடித் தட்டில் ஒரு முறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். அலுவலகத்து மெஷின் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்வதால், விதிமுறைப் புத்தகத்தையே வருஷா வருஷம் அவள்தான் நானூறு பிரதி எடுத்துக் கொடுப்பாள். சேர வருகிற பிள்ளைகளுக்கு அவள்தான் வழிகாட்டி. "அந்தக் கட்டத்துல எழுதாத தம்பி, அது அவங்க எழுதறதுக்கு." "ஃபோட்டோவுல சிரிக்காதம்மா, சேர்ந்தப்புறம் சிரிச்சுக்கலாம்." இன்றைக்கு அங்கே பேராசிரியராக இருக்கும் ஒருவர் ஒரு காலத்தில் கணக்கில் வாங்கிய மதிப்பெண் அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டாள். அவர் கடைக்கு வந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் எப்படிக் கோட்டை விட்டாள்?

விதிமுறைப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: தந்தை உயிருடன் இருப்பின், தந்தையின் இருப்பிடமே மாணவரின் இருப்பிடமாகக் கருதப்படும். அதை அவள் படிக்காமல் இல்லை. ஆயிரம் பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். தனக்காக ஒரு முறை படிக்கத் தோன்றவில்லை. சமையல் செய்கிறவள் தான் சாப்பிட மறந்துபோகிற மாதிரி.

மறுநாள் கடையைப் பாதி மூடிவிட்டு மகளோடு தெருவைத் தாண்டினாள்.

சேர்க்கை அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் இருப்பவருக்கு முத்திரை என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள். முத்திரை குத்துவதற்கு முன்னால் அதை வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதுவார். கெட்ட மனிதர் இல்லை. விதிமுறைப் புத்தகம் கையில் இருக்கும்வரை எதற்கும் பயப்படாதவர்.

"வாங்க அக்கா. என்ன, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். உங்க சிவப்பு மைதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "அடடா, இது நம்ம பாப்பாவுதா? அப்பா எங்க இருக்காரு?"

"அடுத்த மாநிலத்துல."

"அப்போ பாப்பாவும் அடுத்த மாநிலம்."

"பாப்பா உங்க முன்னாடி நிக்குதே சார்."

முத்திரை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நிக்குது. நின்னா அது இருப்பிடம் ஆயிடுமா?"

"நான் இந்த ஊர்ல பொறந்தவ. கல்யாணமாகிப் போனேன், பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கறப்போ திரும்பி வந்துட்டேன். ஒண்ணாம் வகுப்புலேர்ந்து அவ இங்கதான் படிச்சா. வீட்டு வரி என் பேருல, கடை என் பேருல."

"எல்லாம் சரி அக்கா. ஆனா இந்தக் கட்டத்துல அம்மா பேரைக் கேக்கலையே. கோர்ட்டுல பிரிஞ்சதுக்குக் காகிதம் ஏதாவது?"

"கோர்ட்டுக்குப் போற அளவுக்கு நாங்க பேசிக்கிட்டதே இல்ல சார். அவரு பேசறத நிறுத்தினாரு, நான் கேக்கறத நிறுத்தினேன். ஒரு நாள் பஸ் ஏறிட்டேன்."

முத்திரை பேனாவை மூடினார், திறந்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மருந்து சொல்கிறவர்போலச் சொன்னார்:

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அவரு உயிரோட இல்லைன்னு வைங்க. இறப்புச் சான்று ஒண்ணு வெச்சாப் போதும். நீங்க பாதுகாவலர், உங்க வீடு இருப்பிடம், பாப்பா உள்ளூர். அஞ்சு நிமிஷ வேலை."

"நல்லா இருக்காரு சார். போன மாசம்தான் புதுக் கண்ணாடி போட்டாராம்."

"அதான் சிக்கல்" என்றார் முத்திரை, மனப்பூர்வமான வருத்தத்தோடு.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நாற்பது இடம். மகளின் மதிப்பெண்ணுக்கு அதில் முதல் பத்துக்குள் வந்திருப்பாள். வெளிமாநிலத்தவருக்கு நாலே நாலு இடம். அதற்கு எங்கெங்கிருந்தோ வந்து மோதுவார்கள். அவள் கேட்டதோ நில அளவைப் படிப்பு. சுற்றுவட்டாரத்தில் அது இந்தக் கல்லூரியில் மட்டும்தான் உண்டு. பத்து வயதில் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, மைதானத்தில் பிள்ளைகள் மூன்று கால் கருவியை நட்டுவைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. நாலில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் கருவியை அவள் கடைசிவரை ஜன்னலிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் மாமா, அதாவது அக்காவின் அண்ணன், வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பேசும்போதும் வலது கால் தானாக பிரேக்கை அழுத்தும்.

"இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? ஆளு காணாமப் போயிட்டாருன்னு எழுதிக் கொடுத்துட வேண்டியதுதானே."

"அப்பா என் பொறந்தநாளுக்குப் போன் பண்றாரே மாமா."

"காணாமப் போனவங்க போன் பண்ணக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

"அண்ணா, சும்மா இரு."

"சரி, அது வேணாம். வேற படிப்பு படிக்கட்டுமே. நிலத்தை அளக்கறதுக்கு ஒரு காலேஜா? ஒரு கயிறு போதாது?"

"எந்த மாநிலம் எங்க முடியுதுன்னு யாராவது ஒழுங்கா அளந்து பார்க்கணும் மாமா" என்றாள் மகள். "முதல்ல நம்ம தெருவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மகள் கேலி பேசுகிறாள் என்றால் ராத்திரி அழுதிருக்கிறாள் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு ஒருவர் வந்தார். கூடவே ஒரு பெண். மகள் வயசுதான் இருக்கும். அக்காவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. தெருக்கோடியில் எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டின் சொந்தக்காரர். பூட்டு துருப்பிடித்து, பூட்டு எது கதவு எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டது.

"எல்லாத்துலயும் மூணு மூணு காப்பி போடுங்க. பொண்ணு உள்ளூர் லிஸ்டுல வந்துட்டா" என்றார் பூட்டு வீட்டுக்காரர். "நாங்க இருக்கறது வேற மாநிலம்தான். வீடு என் பேருல இங்க இருக்கறதால ஈசியா முடிஞ்சிடுச்சு."

அந்தப் பெண் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "ஆன்ட்டி, காலேஜ் எந்தப் பக்கம்?"

அக்கா மெஷின் மூடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். நல்ல பெண். கண்ணில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. விரலை நீட்டி, "அதோ, அந்த மதில்" என்றாள். பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. மூன்று மூன்று பிரதி. ஓரம் கோணாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் போனபிறகு வெகுநேரம் மெஷினைத் தொடவில்லை. பிறகு போனை எடுத்தாள். வெளிமாநிலம் என்று விண்ணப்பிக்கவும் ஒரு சான்று வேண்டும். வெளிமாநிலத்தில் இருப்பதற்கான சான்று. அதைத் தரக்கூடியவர் ஒருவர்தான்.

மறுமுனையில் மணி ஆறு முறை அடித்தது.

"ஹலோ."

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அந்தச் சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"நீயா?"

"நான்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எங்கோ ஒரு கட்டடத்தில் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மறுபடி திறந்தது, மூடியது. இவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி இப்படிப்பட்ட நேரங்கள்தான். அப்போது லிஃப்ட் சத்தம் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"பாப்பா நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. அவ உங்க மாநிலமாம். காலேஜ்ல சொல்றாங்க."

"என் மாநிலமா? நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதான். ஒண்ணுமே பண்ணாம உங்களுக்குக் கிடைச்சிருக்கு."

அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னாள். சரி என்றார். என்ன, ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த மனிதரிடம் அவளுக்குப் பிடித்ததும் பிடிக்காமல் போனதும் அதுதான்.

நாலாம் நாள் தபாலில் சான்று வந்தது. கல்லூரியில் கேட்டதைவிட நல்ல காகிதம். அடியில் அந்த ஊர் அலுவலகத்தின் வட்ட முத்திரை, அதன்மேல் பாய்ந்து போகிற கையெழுத்து. 'மேற்படி மாணவி தன் தந்தையுடன் மேற்கண்ட முகவரியில் தொடர்ந்து வசித்து வருகிறார் என்பது விசாரணையில் தெரியவருகிறது.' மனைவி பஸ் ஏறின பிறகு அவர் குடிபோன வீடு அது. மகள் அதன் வாசல்படியைக்கூட மிதித்ததில்லை.

"விசாரணையில தெரிஞ்சுதாமே" என்றாள் மகள். "யாரை விசாரிச்சாங்கம்மா? லிஃப்டையா?"

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அசலைக் காட்டாமல் யாருக்கும் நகல் எடுத்துத் தராதவள் அவள். வெட்டி ஒட்டிய சான்றிதழோடு வந்தவர்களை எத்தனையோ முறை கடைவாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். இது வெட்டி ஒட்டியதல்ல. அசலே அசல். பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்த உண்மைக்கு ஒரு துண்டுக் காகிதம் தர ஆளில்லை. அங்கே இல்லாத ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று சொல்ல நாலு நாள் போதுமாயிருந்தது.

"எடுக்கட்டுமாம்மா? நான் எடுக்கறேன்" என்றாள் மகள்.

"வேணாம். இந்தப் பாவத்துல ஓரம் கோணக் கூடாது. நானே எடுக்கறேன்."

மூன்று பிரதி எடுத்தாள்.

வெளிமாநிலப் பட்டியலில் மகளின் பெயர் நாலாவதாக வந்தது. கடைசி இடம். மூன்றாவது பெயருக்கும் அவளுக்கும் அரை மதிப்பெண் வித்தியாசம். அவளுக்கும் ஐந்தாவது பெயருக்கும் அதுகூட இல்லை, பிறந்த தேதியைப் பார்த்து முடிவு செய்தார்களாம். குறிப்பிட்ட நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நாலு மணிக்கு அம்மாவும் மகளும் மூன்றாம் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது பெயருக்கு உரியவர் பெட்டி படுக்கையோடு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரைக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒவ்வொரு காகிதமாக எடுத்து ஊதி ஊதிக் குத்தினார். கடைசியில் இளநீல நிறத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்.

"இது விடுதிக்கு. வெளிமாநில மாணவிகளுக்கு விடுதி கட்டாயம்."

"சார், என் கட்டில் இங்கேர்ந்து தெரியுது சார்" என்றாள் மகள்.

"தெரியட்டும்மா. பாதுகாப்பு முக்கியம். அதோட, உள்ளூர்ல ஒரு பாதுகாவலர் பேரு வேணும். வெளியில போக வர அவங்கதான் கையெழுத்துப் போடணும். யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா இந்த ஊர்ல?"

வழக்கமாகக் கேட்கிற கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்டபிறகுதான் அவருக்கே என்னவோ போலிருந்தது. அக்கா படிவத்தை வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினாள். பாதுகாவலர் பெயர்: தன் பெயர். முகவரி: எதிர் வீடு. மாணவிக்கு உறவு: தாய்.

முத்திரை படித்தார். கையிலிருந்த முத்திரைக் கட்டை வாயருகே போய், ஊதப்படாமல் நின்றது.

"அக்கா, இது சரியா வராதே. அம்மா இதே ஊர்ல இருந்தா, பொண்ணு எப்படி வெளிமாநிலம்?"

"அதைத்தான் சார் நான் ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பெஞ்சில் இருந்தவர் லேசாக முன்னால் சாய்ந்தார்.

"இதோ பாருங்க" என்றார் முத்திரை, கெஞ்சுகிற குரலில். "தாய்ங்கறத அடிச்சுட்டு அத்தைன்னு எழுதுங்க. சித்தின்னு எழுதுங்க. தெரிஞ்சவங்கன்னுகூட எழுதலாம், நான் கண்டுக்க மாட்டேன். நம்ம பாப்பா, ஒரு வார்த்தைதானே?"

"அம்மா, எழுதிடேன்" என்றாள் மகள் காதோடு. "பொய்ச் சான்றே கொடுத்தாச்சு. இதுல என்ன இருக்கு?"

கடிகாரத்தில் நாலு ஐம்பது.

அக்கா பேனாவைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் எழுதிவிடுவாள் போலத்தான் இருந்தது. எழுதியிருந்தாலும் யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. பிறகு பேனாவை மூடி, படிவத்தின் மேலேயே வைத்தாள்.

"அந்தப் பொய்ய எழுதினது அந்த ஊர் ஆபீஸ்காரங்க. நான் நகல் எடுத்தேன், அவ்வளவுதான். இத என் கையால எழுதச் சொல்றீங்க. இவளுக்கு நான் தெரிஞ்சவளா சார்?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல அக்கா."

"இருக்கு. பதினாலாம் பக்கம், மூணாவது விதி. பாதுகாவலர் இருபத்தஞ்சு வயசு முடிஞ்சவரா இருக்கணும், இந்த ஊர்ல சொந்த முகவரி இருக்கணும். அவ்வளவுதான். பெத்தவளா இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா, பாருங்க."

முத்திரை புத்தகத்தைப் புரட்டினார். அவள் எடுத்துக் கொடுத்த பிரதிதான். உதடு அசைய மூன்றாவது விதியைப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். விதியில் இல்லாத ஒன்றைச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. விதியில் இல்லாத ஒன்றைத் தடுத்தும் பழக்கமில்லை.

கடைசியில் ஊதினார். குத்தினார்.

"எனக்கு வேலை போகப்போகுது" என்றார்.

"போகாது சார். போனா கடைக்கு வாங்க. ரெண்டாவது மெஷின் வாங்கலாம்னு இருக்கேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே அவர்களுடைய மாடி ஜன்னல் திறந்தே கிடந்தது.

மகள் நாலு வருஷம் விடுதியில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் தெருவைத் தாண்டி வீட்டுக்கு வர, உள்ளூர்ப் பாதுகாவலர் வாசல் ஏட்டில் கையெழுத்துப் போட்டாள். பூட்டு வீட்டுக்காரரின் பெண்ணுக்கு உள்ளூர் என்பதால் விடுதி கிடைக்கவில்லை. துருப்பிடித்த பூட்டை உடைத்துப் பார்த்தபோது கூரை இல்லை. அவள் அக்காவின் மாடியறைக்கு வாடகைக்கு வந்து, நாலு வருஷமும் மகளின் கட்டிலில் படுத்துப் படித்துத் தேறினாள். முத்திரைக்கு வேலை போகவில்லை, ஜன்னல் மட்டும் மூன்றிலிருந்து ஏழுக்கு மாறியது. மாமா இன்னும் டம்ளர்தான் என்கிறார். அப்பா பிறந்தநாளுக்குப் போன் செய்கிறார்.

அடுத்த வருஷம் விதிமுறைப் புத்தகம் நகலெடுக்க வந்தபோது ஒன்பதாம் பக்கம் அப்படியே இருந்தது. பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது: பாதுகாவலர் மாணவியின் தாயாக இருத்தல் கூடாது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நானூறு பிரதி எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத்தான் கொடுத்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

மகள் இப்போது எல்லை அளக்கும் துறையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பணிப் பதிவேட்டில் சொந்த மாநிலம் என்ற இடத்தில் அப்பாவின் முகவரிதான் இருக்கிறது. அந்த வீட்டை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.